வராதவர்களின் ஓட்டு

இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, என் சர்வீஸில் நான் போட்ட குழாய்களைப் பற்றி உங்களுக்கு எழுதச் சொன்னார்கள். குழாயைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? சரிவு சரியாக இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. அதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள். நான் போடாத ஒரு குழாயைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகு தினம் நினைவுக்கு வருவது அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். புதுச்சேரியில், குருசுக்குப்பத்துக்குச் சற்றுத் தெற்கே ஒரு குறுகலான தெரு. ஐம்பது வாசல் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு, ஊர்க்காரர்கள் 'சொல்தா வீடு' என்று சொல்லும் வீடுகள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு, பிரெஞ்சுக் குடியுரிமையும் பென்ஷனுமாகத் திரும்பி வந்தவர்கள் வீடு. உயரமான கதவு, நீளமான கூடம், உள்ளே அறுபது, எழுபது, எண்பது வயதில் ஒருவரோ இருவரோ. பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். மீதி எல்லாம் வாடகை. செல்போன் கடை, தையல் கடை, மெஸ், லாஸ்பேட்டை காலேஜில் படிக்கிற பையன்கள், குமாஸ்தாக் குடும்பங்கள்.

அந்தத் தெருவுக்கு அந்த வருஷம் இரண்டில் ஒரு வேலைதான் செய்ய முடியும். ஒன்று, பாதாளச் சாக்கடை. பத்து மாதமாவது தெருவைக் கிழித்துப் போட்டிருப்போம், ஆனால் முப்பது நாற்பது வருஷத்துக்குக் கவலை இல்லை. இன்னொன்று, சிமெண்ட் ரோடும் தெருவிளக்கும். இரண்டே மாதத்தில் முடிந்துவிடும், பார்க்க ஜோராக இருக்கும். எது வேண்டுமென்று தெருக்காரர்களையே கூட்டிக் கேட்டுவிடலாம் என்றார் எங்கள் செயற்பொறியாளர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. அப்படிக் கேட்க வேண்டுமென்று சட்டம் ஒன்றும் இல்லை, அது அவருடைய கிறுக்கு. வாசலுக்கு ஒரு கை; வீடானாலும் சரி, கடையானாலும் சரி. கூட்டத்தை நடத்தும் பொறுப்பு இளநிலைப் பொறியாளரான எனக்கு.

எனக்குப் பாதாளச் சாக்கடைதான் வர வேண்டும் என்று வெறி. அந்த வெறி தப்பில்லை. அதை வைத்துக்கொண்டு நான் செய்த கணக்குதான் தப்பு.

அதற்கு முந்தின வருஷம் வேறொரு தெருவில் மழைநீர் வாய்க்கால் வெட்டப் போயிருந்தேன். ஒரு பெரியவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, நாங்கள் சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் போன பெறகு தோண்டிக்க. அதுக்குள்ள இன்னா அவசரம் உனக்கு?" என்றார். மூன்று நாள் உட்கார்ந்தார். நான்காம் நாள் நாங்கள் வேறு தெருவுக்குப் போனோம். வயசானவன் தன் ஆயுசுக்கு மேல் நீளுகிற எதற்கும் சம்மதிக்க மாட்டான் என்று அன்றைக்கு ஒரு ஞானம் பிறந்தது எனக்கு. ஒரே ஒரு ஆளைப் பார்த்து வந்த ஞானம்!

இப்போது இந்தத் தெருவின் பட்டியலைப் பார்த்தேன். மூன்றில் ஒரு வாசல் கிழடு. இவர்கள் எல்லாரும் வந்து கையைத் தூக்கினால் சாக்கடைத் திட்டம் அதோகதிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

தெருமுனை டீக்கடையில்தான் எனக்கு வழி கிடைத்தது. பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஊரிலேயே இருக்கும் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்கு நேரில் போய், தாங்கள் உயிரோடு இருப்பதாகக் காட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தத் தெருப் பெரியவர்கள் அதற்குத் தனித்தனியாகப் போவதில்லை. பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை எல்லாருமாக ஆட்டோ பேசிக்கொண்டு, ஏழு மணிக்கே வெள்ளைச் சட்டையும் பவுடருமாகக் கிளம்பிவிடுவார்கள். கல்யாணத்துக்குப் போவது போலத்தான் போவார்கள் என்று டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் கூட்டத்தை அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வைத்தேன். ஆபீஸ் போகிறவர்கள் வரலாம், காலேஜ் போகிறவர்கள் வரலாம், கடைக்காரர்கள் வரலாம். நோட்டீஸ் ஒட்டிவிட்டு ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது பாட்டு வேறு முணுமுணுத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தெருக்கோடியில் இருந்த பாலர் பள்ளி வராந்தாவில் கூட்டம். முப்பது முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். நான் நினைத்தபடியே பெரியவர்கள் யாரும் இல்லை, ஒருவரைத் தவிர. எண்பதை நெருங்குகிற ஆள், இஸ்திரி போட்ட முழுக்கால் சட்டை, கையில் ஒரு பழுப்பு உறை. சொல்தா ராயப்பன் என்று சொன்னார்கள். மனைவி தவறிப்போய் ஏழெட்டு வருஷம், தனியாக இருக்கிறார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"நீங்க தூதரகம் போகலியா ஐயா?" என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"நோட்டீசு பாத்தேன். உசுரோட இருக்கேன்னு நேத்தே தனியா போயி சொல்லிட்டு வந்துட்டேன். இன்னிக்கி ஓட்டுப் போட வந்தேன்" என்றார். பிறகு உறையை நீட்டினார். "மத்தவங்களுக்கு வண்டி பேசியாச்சு, மாத்த முடியல. அதனால புரொக்யுராசியோன் எழுதிக் குடுத்துட்டாங்க."

எனக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. அவரே விளக்கினார். பிரெஞ்சுத் தேர்தலில் வர முடியாதவர் தன் ஓட்டைப் போடும்படி இன்னொருவருக்கு முறைப்படி எழுதிக் கொடுக்கலாமாம். இங்கிருக்கும் பிரெஞ்சுக் குடும்பங்களுக்கு அது பழகின காரியம். உறைக்குள் பதினோரு தாள்.

பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். மெஸ்காரர், "அப்பிடின்னா ஊருக்குப் போன என் தம்பி ஓட்டையும் சேத்துக்குங்க சார்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அரை நிமிஷம்தான் பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது. என் மூளையில் ஓடியது ஒன்றே ஒன்று: பதினோரு கிழவர்கள், பதினோரு 'வேண்டாம்'. இவர்களைத் தவிர்க்கத்தானே இவ்வளவு பாடுபட்டேன்! உறையைப் பிரிக்கக்கூட இல்லை. அவர் கையிலிருந்து வாங்கி மேஜை மேல் வைத்தேன்.

"வராதவங்க ஓட்டு செல்லாது ஐயா. நீங்க உங்க கையைத் தூக்கலாம்."

அவர் மேஜை மேல் கிடந்த உறையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "பிரான்சுல பிரசிடெண்ட்டு யாருன்னு எங்கள கேக்கறாங்க சார். இந்த ஊர்ல எங்கள யாரும் எதுவும் கேட்டது கெடையாது, எங்க வாசல் சாக்கடையக்கூட. இதான் மொத தடவ."

"ரூல்ஸ் ஐயா" என்றேன். விதியே எழுதாத கூட்டத்துக்கு ஏது ரூல்ஸ்? நானே அந்த நிமிஷம் உண்டாக்கியது.

கையைத் தூக்கச் சொன்னேன். சாக்கடைக்குப் பதினான்கு. அதில் ராயப்பன் கை முதல் கை. ரோட்டுக்கு இருபது.

செல்போன் கடைக்காரரைப் பிடித்து, "ஏம்ப்பா, நீயெல்லாம் சின்ன வயசு, உனக்குத்தானே இது நல்லது?" என்று கத்தியே விட்டேன். அவர் கோபப்படாமல் பதில் சொன்னார்: "சார், நான் வாடகைக்காரன். மூணு வருஷத்துல எடத்த மாத்திடுவேன். எனக்கு எதுக்கு சார் நாப்பது வருஷத்துக் கொழா? பத்து மாசம் கடை வாசல்ல பள்ளம் இருந்தா இந்த மூணு வருஷமும் இருக்க மாட்டேன்." அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வயசில் சின்னவன் அந்தத் தெருவில் வெகுநாள் இருக்கப் போகிறவன் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இருக்கப் போகிறவர்கள் எல்லாம் உயிரோடு இருப்பதற்குச் சான்றிதழ் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

தீர்மானத்தை எழுதி, அங்கேயே கையெழுத்து வாங்கி, மதியத்துக்குள் மேலே அனுப்பிவிட்டேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. மறுநாள் செயற்பொறியாளர் கூப்பிட்டார். அவர் மேஜை மேல் அந்தப் பழுப்பு உறை. கோப்போடு சேர்த்து நானே அனுப்பியிருக்கிறேன்.

"பிரிச்சுப் பாத்தியா?"

"இல்ல சார். செல்லாத ஓட்டு சார்."

"செல்லுமா செல்லாதான்னு அப்பறம் பாப்போம். பிரி."

பிரித்தேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார். பெரிய பெரிய எழுத்து, நடுங்கின கை. சிலது பிரெஞ்சில் ஆரம்பித்துத் தமிழில் முடிந்தது. ஒருவர் எழுதியிருந்தார்: 'எனக்கு வயது எண்பத்தொன்று. தோண்டி முடிக்கும்போது நான் இருக்க மாட்டேன். தோண்டவும்.' ஒரு அம்மாள்: 'பத்து மாதம் வாசலில் பள்ளம் இருந்தால் என்னால் வெளியே போக முடியாது. பரவாயில்லை. கோவிலுக்கு மட்டும் யாராவது பலகை போட்டுக் கொடுக்கவும்.' இன்னொருவர் ஒரே வரி: 'பிள்ளைகள் வந்தால் தங்க வேண்டும்.' ஒன்றே ஒன்றில் மட்டும் வேண்டாம் என்று இருந்தது, அவருக்குத் தூசு ஆகாதாம். கடைசித் தாள் ராயப்பன் எழுதியது. 'என் மகள் கிளாரா ஊரில் இல்லை. அவள் சார்பில் சம்மதம். அவள் வருவாள்.' கீழே மகள் பெயருக்கு எதிரே அவருடைய கையெழுத்து.

செயற்பொறியாளர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "வாசலுக்கு ஒரு கைதானே? அவரு கையத் தூக்கிட்டாரு. இது ஒண்ணுதான்யா செல்லாது. மத்த பத்துல ஒம்பது சம்மதம். பதினாலும் ஒம்பதும் இன்னா?"

"இருபத்து மூணு சார்."

"அவங்க அந்தத் தூசுக்காரரோட சேத்து இருபத்தொண்ணு. ஏன் செவ்வாக்கெழம வெச்ச?"

பொய் சொல்ல வாய் வரவில்லை, நாற்காலிப் பெரியவர் கதையோடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலாம். "ஒரு கெழவன் நாக்காலியப் போட்டு உக்காந்தான்னா, ஊர்ல இருக்கற கெழவன் எல்லாம் நாக்காலியோட நிக்கறான்னு நெனச்சுக்கிட்ட" என்றார். மேலே பேசிப் பார்த்தார், குறிப்பு எழுதினார். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. மார்ச்சுக்குள் வேலை ஆரம்பித்தாக வேண்டும். என் தீர்மானத்தைப் பார்த்து, குழாயை ஏற்கெனவே வேறு பகுதிக்கு ஒதுக்கிவிட்டார்கள். அந்தத் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு வந்தது. புது ரோட்டை உடைக்க அடுத்த சில வருஷங்களுக்கு யாரும் அனுமதி தர மாட்டார்கள்.

உறையை என்னிடமே கொடுத்தார். "இத நீ வெச்சுக்க. அந்தாளு வீட்டுக்குப் போயி உன் வாயால சொல்லு. லெட்டர் கிட்டர் எழுதாத."

போனேன். வாசலில் நின்று மூன்று தடவை திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். ராயப்பனே கதவைத் திறந்தார். "இன்னா எஞ்சினியரு, ரோட்டுக்கு அளவெடுக்க வந்தியா? உள்ள வா" என்றார். காப்பி கொடுத்தார், கூடவே நேற்றைய ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவிக் கொடுத்தார்.

தாள்களைப் பிரித்துப் பார்த்ததையும், எண்ணிப் பார்த்ததையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"செவ்வாக்கெழம நாங்க போவோம்னு தெரிஞ்சுதான் வெச்சியா?"

"ஆமாய்யா."

"சரி. அதயாவது ஒத்துக்கிட்ட" என்றார். பிறகு என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கழிப்பறையும், அதற்குப் பக்கத்தில் தரையில் பதித்த ஒரு கல் மூடியும். "இதான் டேங்கு. கடல் பக்கத்துல கெடக்குது, ஊத்துத்தண்ணி ஏறிக்கிது. நான் ஒருத்தன் இருந்தா ஒண்ணும் ஆவாது. நாலு பேரு ரெண்டு நாளு தங்கினா பொங்கி வெளிய வந்துடும். பெருசா கட்ட எடம் ஏது? ஒரு வருஷம் அப்பிடித்தான் ஆச்சு. மருமவன் ஒண்ணும் சொல்லல, புள்ளைங்கதான் மூக்கப் பொத்திக்கிச்சு. அதுலேர்ந்து ஓட்டலு."

ஒவ்வொரு ஆகஸ்டும் கிளாரா புருஷன் பிள்ளைகளோடு பிரான்சில் மர்சேய் நகரத்திலிருந்து வருகிறாள். காலையில் வந்து அவரோடு சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள், பிள்ளைகள் கூடத்தில் ஓடுகின்றன. சாயங்காலம் ஆனால் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஓட்டலுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். "அவ பொறந்த வீடு சார் இது" என்றார். "பெட்டிய மட்டும் ஓட்டல்ல வெப்பா. நானும் வாசல்ல நின்னு கைய ஆட்டுவேன், விருந்தாளிய அனுப்புற மாதிரி. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, காலையில எழுந்தா அவ இந்தக் கூடத்துல தூங்கிட்டு இருக்கணும். எனக்கு அவ்வளவுதான் ஆசை."

அவர் முன்னால் நடக்க, கூடத்துக்குத் திரும்பினோம்.

"நான் ஒண்ணும் செய்யறதில்லன்னு அவளுக்குக் கோவம். 'இந்த வீட்ட இப்பிடியே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கியேப்பா'ன்னு கேக்கறா. ஆகஸ்ட்டு மாசம் வந்து, நான் கையத் தூக்கினேன்னு நீ அவகிட்ட சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா. கவருமெண்டு ஆளு சொன்னா நம்புவா."

வருகிறேன் என்றேன். சத்தியமாக வருகிறேன் என்றேன்.

ஜூனில் என்னைக் காரைக்காலுக்கு மாற்றினார்கள். ஆகஸ்ட் வந்தது, போனது. காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு நாலு மணி நேர பஸ், நான் ஒன்றும் சந்திரனில் இல்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் பயம். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்து, 'நீதானா அந்த ஆள்?' என்று கேட்டால் என்ன செய்வேன்? அடுத்த வருஷம் கட்டாயம் போக வேண்டும் என்று உறையைப் பெட்டியில் வைத்தேன். அடுத்த வருஷம் கோடையிலேயே ராயப்பன் போய்விட்டார். செயற்பொறியாளர்தான் போன் பண்ணிச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு வேறொன்றும் தேவைப்படவும் இல்லை.

நீங்கள் பாடம் கேட்பீர்கள். என்னிடம் இருப்பது சின்னதுதான். ஒரு கூட்டத்துக்குத் தேதி வைக்குமுன், அன்றைக்கு யாரால் வர முடியாது என்று கேட்டுவிட்டு வையுங்கள். யாருடைய வயசையும் பார்த்து அவர் மனசில் இருப்பதை நீங்களே எழுதாதீர்கள். கையில் தாளைக் கொடுத்தால் பிரித்துப் படியுங்கள். ஒருவர் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்டால், அந்த மாதமே பஸ் ஏறுங்கள். இன்னும் ஒரு தடவை அந்தச் செவ்வாய்க்கிழமை கிடைக்காதா என்று ஏங்குவதால் எனக்கு என்ன ஆயிற்று? ஏங்கிக்கொண்டே இருக்கிறேன், அவ்வளவுதான்.

ஆனாலும் போனேன். செய்தி வந்த பத்தாம் நாள் லீவு போட்டுவிட்டு, உறையை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றேன். கிளாரா கதவைத் திறந்தாள். நாற்பது வயதிருக்கும். அப்பாவின் அதே மூக்கு. நான் யார், எதற்காக வந்தேன், செவ்வாய்க்கிழமை ஏன் வைத்தேன் என்பது வரை நின்றபடியே சொல்லி முடித்தேன். அவள் திட்டவில்லை. உறையை வாங்கித் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தன் பெயர் இருந்த தாளை இரண்டு தடவை படித்தாள்.

"நான் இப்பிடி எழுதிக் குடுக்கவே இல்லியே சார்."

"தெரியும்மா. அவரே எழுதிட்டாரு."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்துபோனது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. சாக்கடை எப்ப வரும்னு கேட்டா, 'வரும் வரும்'னுவாரு. இவருக்கு மாத்த மனசில்லன்னு நெனச்சேன்" என்றாள்.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "எந்த ஓட்டல்லம்மா தங்கியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஓட்டலா? வந்த நாள்லேர்ந்து இங்கதான் சார் படுக்குறோம், நாலு பேரும்" என்றாள். கூடத்தில் பாய்கள் சுருட்டிக்கூட வைக்காமல் கிடந்தன. பின்கட்டிலிருந்து நாற்றம் வாசல்வரை வந்தது. "டேங்கு ரெண்டு தடவ பொங்கிச்சு. லாரி வரச் சொன்னோம், எடுத்துட்டுப் போனாங்க. அவ்வளவுதான் சார்." கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். "அவ்வளவுதான். எல்லா வருஷமும் படுத்திருக்கலாம்."